கோயிற் சாவி எவரிடம் இருத்தல் வேண்டும்?

வீட்டுக்கு உடையவன் உண்டு. நிலத்துக்கு உடையவன் உண்டு. பலர் கூடி வணங்கும் ஓர் இடத்துக்கும் அவ்வாறே உடையவன் ஒருவன் உண்டோ? உண்டெனில் அவன் யார்? கட்டியவனா, காத்து வந்தவனா, அன்றாடம் விளக்கேற்றுபவனா, அல்லது அவ்விடத்தை நாடி வந்து தலை தாழ்த்தும் மக்களா? இவ்வினா எளிதாகத் தோன்றினும், இதற்கு விடை காண முயன்று உயிர் நீத்தோர் பலர். நீதிமன்றப் படிகளில் தலைமுறைகளைக் கழித்தோரும் பலர்.

சமயப் பற்றுடையோர் வழக்காடலாகாது என்று நம்மவருள் சிலர் கூறுவர். ஆசையை அடக்குதலைப் போற்றும் ஒருவன் ஒரு கட்டிடத்தின் சாவிக்காக மனுச் செய்து கொண்டும், சாட்சிகளைத் தேடிக் கொண்டும் அலைதல் தகுமோ என்பது அவர்தம் கேள்வி. கேள்வி நல்லதே. ஆயினும் இதற்கு உடனே ஆம் என்றோ அன்று என்றோ விடை கூறுதல் இயலாது. ஒரு சமயத்தார் நூறாண்டுகளுக்கு மேலாக இவ்வழியில் நடந்து பெற்ற அநுபவத்தை ஆராய்ந்து, அதன்பின் நமது முடிவை அமைத்துக் கொள்வதே முறை. சீக்கியரின் குருத்வாராக்களைப் பற்றிய வழக்குகளே அவ்வாராய்ச்சிக்கு மிகவும் ஏற்றவை என்று நாம் கருதுகின்றோம்.

காவல் உடைமையான வரலாறு

பதினெட்டாம் நூற்றாண்டில் சீக்கியர் அரசினரால் துன்புறுத்தப்பட்ட காலத்தில், கால்சா நெறியில் நின்றவர்கள் காடுகளிலும் மலைகளிலும் மறைந்து வாழ நேர்ந்தது. அப்போது குருமார்களின் நினைவிடங்களைப் பலவிடங்களில் காத்து நின்றோர் உதாசிகள் எனப்படும் துறவிகள். குருநானக்கின் மைந்தரான ஸ்ரீசந்தைத் தமது முன்னோராகக் கொள்ளும் இவர்கள், கால்சாவின் புறக்கோலத்தை மேற்கொள்ளாதவர்கள். ஆதலால் அரசினரின் சினம் அவர்கள்மேல் அத்துணை விழவில்லை. அவர்கள் அன்று விளக்கை அணையாது காத்தது பெருந்தொண்டு என்பதில் ஐயமில்லை. இத்தகைய இடங்களின் தலைவர்களே மகந்துகள் எனப்பட்டனர். திருப்பதித் தேவஸ்தானத்தை 1843 முதல் 1933 வரை ஹாதிராம்ஜி மடத்து மகந்துகள் நிர்வகித்து வந்தமையால், இச்சொல் தமிழருக்கும் புதிதன்று.

பின்னர் ரஞ்சித் சிங் மகாராஜாவின் ஆட்சி வந்தது. குருத்வாராக்களுக்கு ஜாகீர்களும் மானிய நிலங்களும் வழங்கப்பட்டன. 1849-இல் ஆங்கிலேயர் பஞ்சாபைக் கைக்கொண்டு நிலங்களை அளந்து பதிவு செய்தபோது, பலவிடங்களில் குருத்வாராவின் நிலம் மகந்தின் பெயரிலேயே எழுதப்பட்டது. கணக்கெழுதுவோருக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. எதிரில் நின்றவரின் பெயரை எழுதினர். வாய்க்காற் பாசனம் பரவியதும் நிலத்தின் மதிப்பு உயர்ந்தது. தந்தையிடம் காவலாக இருந்தது மைந்தனிடம் உரிமையாயிற்று. குருவிடம் பொறுப்பாக இருந்தது சீடனிடம் சொத்தாயிற்று.

இவ்விடத்தில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இன்ன நாளில் இன்னவர் குருத்வாராவைத் திருடினார் என்று சுட்டிக் காட்ட இயலாது. திருட்டு நிகழ்ந்த நாளென்று ஒரு நாளே இல்லை. கேட்பாரின்றிக் கழிந்த ஒவ்வோர் ஆண்டும் காவற்காரனைச் சற்றே உடையவனாக்கியது. ஆகவே மகந்துகள் யாவரும் தீயோர் என்று தள்ளிவிடுதல் நேர்மையன்று. அந்நிலையில் நாம் இருந்திருப்பின் வேறுவிதமாக நடந்திருப்போம் என்று உறுதி கூறவும் இயலாது. தீமை மனிதரிடத்தில் மட்டுமன்று, கணக்குக் கேட்க எவருமில்லாத ஆசனத்திலும் குடியிருக்கின்றது.

சட்டம் இருந்தும் இல்லாத நிலை

அக்காலத்தில் சட்டமே இல்லை என்று கூறுவதற்கில்லை. 1863-ஆம் ஆண்டின் சமய அறநிலையச் சட்டம் இருந்தது. 1908-ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு, பொது அறநிலையத்தில் அக்கறையுள்ள இருவரோ அதற்கு மேற்பட்டோரோ அட்வகேட் ஜெனரலின் அனுமதி பெற்று வழக்குத் தொடுக்க இடமளித்தது. ஆயின் ஒவ்வொரு குருத்வாராவுக்கும் ஒவ்வொரு வழக்கு, அதற்குரிய செலவு, ஆண்டுக்கணக்கான காத்திருப்பு. வழக்கைத் தொடுப்பவர் தம் கைப்பணத்தைச் செலவிட வேண்டும். எதிர்த்து நிற்கும் மகந்தோ, அவ்வழக்கின் பொருளாகிய குருத்வாராவின் வருமானத்தையே எடுத்துச் செலவிடுவார். பக்தர் இட்ட காணிக்கை பக்தரையே எதிர்க்கும் ஆயுதமாயிற்று. இத்தகைய நிலையில், "நீதிமன்றம் திறந்திருக்கின்றது, சென்று முறையிடுக" என்று ஏழைக்குக் கூறுவது, கரை காணா ஆற்றைக் காட்டி நீந்திக் கடந்து வா என்பதற்கு ஒப்பாகும்.

அமிர்தசரஸ் பொற்கோயிலின் மேலாளரையோ அரசாங்கமே நியமித்து வந்தது. அவர் அரசாங்கத்தின் முகத்தைப் பார்ப்பாரேயன்றி அடியாரின் முகத்தைப் பாரார் என்பது சொல்லாமலே விளங்கும்.

1920 அக்டோபர் 12

சீர்திருத்த இயக்கம் பேரலையாக எழுந்ததற்குக் காரணமான நிகழ்ச்சிகளுள் ஒன்று நமது நெஞ்சைத் தொடுவது. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட வகுப்பினர் பலர் அக்காலத்தில் அமிர்தம் பெற்றுச் சீக்கியராயினர். 1920-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள், அவ்வாறு புதிதாகச் சேர்ந்தோர் சிலர், ஜாலியன்வாலா பாக்கில் கூடிய கூட்டத்தினருடனும் கால்சாக் கல்லூரி ஆசிரியர் சிலருடனும் பொற்கோயிலுக்குச் சென்றனர். அவர்கள் கையில் இருந்தது கடா பிரசாதம். கோதுமை மாவும் நெய்யும் சர்க்கரையும் சேர்த்துக் கிண்டிய எளிய இனிப்பு. அதனை ஏற்று, அவர்களுக்காக வேண்டுதல் செய்யப் பூசகர்கள் மறுத்தனர்.

வாதம் நீண்டது. இறுதியில் வேத நூலையே கேட்பது என்று இரு சாராரும் இசைந்தனர். குரு கிரந்த் சாகிபைத் திறந்து, கண்ணிற்பட்ட பாடலைப் படித்தனர். தகுதியற்றவனையும் இறைவன் ஏற்றருள்வான் என்னும் கருத்துப்பட அப்பாடல் அமைந்திருந்தது. பிரசாதம் ஏற்கப்பட்டது. பின்னர் அனைவரும் எதிரிலுள்ள அகால் தக்த்துக்குச் சென்றபோது, அங்கிருந்த பூசகர்கள் இடத்தை விட்டு அகன்றிருந்தனர். ஆசனம் வெறுமையாயிற்று. அதனைக் காக்கும் பொறுப்பைத் தொண்டர்கள் மேற்கொண்டனர். அடுத்த மாதமே, நவம்பர் 15-இல், சிரோமணி குருத்வாரா பிரபந்தகக் குழு அமைந்தது.

பிறந்த சாதி கருதி வாசலில் நிறுத்தப்பட்டதன் காரணமாகப் பழைய சமயத்தைத் துறந்து வந்தோர் நம்முள் பலர். அவர்கள் இந்நிகழ்ச்சியை ஊன்றிப் படித்தல் வேண்டும். அன்று சென்றவர்கள் சாவியைக் கேட்கவில்லை. நிலத்தையோ உண்டியலையோ கேட்கவில்லை. தாம் கொணர்ந்த உணவைப் பிறர் கொணர்ந்த உணவைப் போன்றே ஏற்க வேண்டும் என்று மட்டுமே கேட்டனர். அச்சிறு கோரிக்கையை மறுத்தவர் இழந்ததோ சாவியாக இருந்தது.

இரத்தமும் விறகும்

சட்டம் வழி காட்டாவிடில் என்ன நேரும் என்பதை அடுத்த ஆண்டே காட்டியது. இன்று பாகிஸ்தானில் உள்ள நன்கானா சாகிப், குருநானக் பிறந்த இடம். 1921 பிப்ரவரி 20-ஆம் நாள் அங்குச் சென்ற சீக்கியர் நூற்றுக்கு மேற்பட்டோரை, மகந்து நாராயண்தாஸ் கூலிக்கு அமர்த்தியிருந்த ஆட்கள் கோயில் எல்லைக்குள்ளேயே கொன்றனர். உடல்களுக்குத் தீயும் வைத்தனர். உடைமை என்னும் எண்ணம் முற்றினால், தான் காக்கும் குருவின் பிறப்பிடத்தையே ஒருவன் கொலைக்களமாக்குவான் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அவ்வாண்டு நவம்பரில், பொற்கோயிற் கருவூலத்தின் சாவிகளை மாவட்ட அதிகாரி வாங்கிக் கொண்டார். கிளர்ச்சி வலுத்தது. 1922 ஜனவரி 19-இல் அச்சாவிகள் குழுவின் தலைவரான பாபா கரக்சிங்கிடம் திருப்பித் தரப்பட்டன. காந்தியடிகள் வாழ்த்துத் தந்தி அனுப்பினார். ஒரு கொத்துச் சாவி நாட்டு விடுதலைப் போரின் சின்னமாயிற்று.

குருகா பாக் நிகழ்ச்சி இன்னும் ஆழ்ந்த பாடத்தைத் தருவது. அமிர்தசரஸை அடுத்துள்ள அக்குருத்வாராவைக் குழுவிடம் ஒப்படைக்க மகந்து முன்பே இசைந்திருந்தார். ஆயின் அதனைச் சார்ந்த நிலம் தமக்கே உரியது என்றார். 1922 ஆகஸ்டில், சமையற்கூடத்து விறகுக்காக அந்நிலத்தில் கருவேல மரங்களை வெட்டிய அகாலித் தொண்டர் ஐவர் திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறை சென்றனர். அதன்பின் நாள்தோறும் தொண்டர் கூட்டம் அகால் தக்த்தில் அகிம்சை உறுதி பூண்டு புறப்பட்டது. போலீசார் அடித்து வீழ்த்தினர். வீழ்ந்தவர் எழுந்து மீண்டும் முன்னே சென்றனர். ஒருவரும் கை ஓங்கவில்லை. அதனை நேரிற் கண்ட பாதிரியார் சி. எப். ஆண்ட்ரூஸ் மனங் கலங்கி உலகறிய எழுதினார். அடி நின்ற பின்னரும் கைதுகள் தொடர்ந்து, ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் சிறைப்பட்டனர்.

இதற்கு முடிவு வந்த விதம் விந்தையானது. ஓய்வு பெற்ற பொறியாளரான சர் கங்காராம், 1922 நவம்பரில் அந்நிலத்தை மகந்திடமிருந்து குத்தகைக்கு எடுத்தார். தொண்டர்கள் விறகு வெட்டுவதில் தமக்குத் தடையில்லை என்றார். போலீசாருக்கு அங்கு வேலை இல்லாமற் போயிற்று. நிலம் எவருடையது என்னும் வினா அன்று தீரவில்லை. ஆயினும் அடுப்பு எரிந்தது. உடைமையைப் பற்றிய விவாதத்தைத் தீர்க்காமலேயே பயனைப் பற்றிய விவாதத்தைத் தீர்க்கலாம் என்பதை ஒரு குத்தகைப் பத்திரம் உணர்த்திற்று.

1925-ஆம் ஆண்டின் சட்டம்

இத்தனைக்கும் பின்னரே பஞ்சாப் சட்டசபை 1925 ஜூலையில் சீக்கியக் குருத்வாராச் சட்டத்தை நிறைவேற்றியது. அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின் அமைப்பை நமது அன்பர்கள் அறிந்து கொள்ளல் நலம்.

ஐயத்துக்கு இடமில்லாத குருத்வாராக்கள் ஓர் அட்டவணையில் பெயர் குறித்துச் சேர்க்கப்பட்டன. ஏனையவற்றுக்கு, அவ்வட்டாரத்தில் வழிபடும் சீக்கியர் ஐம்பதின்மர் கையொப்பமிட்டு, இது சீக்கியக் குருத்வாரா என அறிவிக்குமாறு மனுச் செய்யலாம். பரம்பரைப் பதவியாளரோ வழிபடுவோர் இருபதின்மரோ, அவ்வாறன்று என எதிர் மனுச் செய்யலாம். இரண்டையும் கேட்டு முடிவு கூற மூவர் கொண்ட தனி நீதிமன்றம் ஏற்பட்டது. அதன்மேல் உயர் நீதிமன்றத்துக்கு முறையீடு உண்டு. குருமார் ஒருவராலோ அவர் நினைவாகவோ ஏற்பட்டதா, சீக்கியரின் பொது வழிபாட்டுக்காக நிறுவப்பட்டு அவர்களால் வழிபடப்பட்டு வந்ததா என்பன போன்றவையே உரைகற்கள். பத்திரத்தில் எவர் பெயர் இருக்கின்றது என்பதினும், அங்கு எவர் எதனை வணங்கினர் என்பதே முதன்மை பெற்றது. இது பெரியதொரு மாறுதல்.

இச்சட்டத்தில் நாம் போற்றத்தக்க கூறுகள் வேறு சிலவும் உள. ஒருவர் சீக்கியரா என்னும் ஐயம் எழுந்தால், கிரந்தத்தையும் பத்துக் குருமார்களையும் நம்புவதாகவும் தமக்கு வேறு சமயம் இல்லை என்றும் அவர் உறுதி கூற வேண்டும் என அது விதித்தது. பிறப்பைக் கேட்கவில்லை; குலத்தைக் கேட்கவில்லை; அவரது வாய்ச்சொல்லையே கேட்டது. வாக்குரிமை பெண்களுக்கும் வழங்கப்பட்டது. பதவி இழக்கும் பரம்பரைப் பதவியாளருக்கு ஈட்டுத்தொகை கொடுக்க வகை செய்யப்பட்டது. தோற்றவனும் உண்ண வேண்டும் என்று எண்ணிய சட்டம் வெறும் வெற்றியாளரின் சட்டமன்று. பின்னர் 1953-இல் வந்த திருத்தத்தால், தாழ்த்தப்பட்ட வகுப்புச் சீக்கியருக்குக் குழுவில் இருபது இடங்கள் ஒதுக்கப்பட்டன. பிரசாதத்தைக் கையிலேந்தி வாசலில் நின்றோரின் மக்கள், முப்பத்து மூன்று ஆண்டுகளில் நிர்வாக சபையில் அமர்ந்தனர்.

நீதிமன்றம் கூறக்கூடியதும் கூறக்கூடாததும்

பிற்கால வழக்குகளுள் இரண்டினை மட்டும் இங்குக் குறிப்போம்.

1984-இல் உச்ச நீதிமன்றம் மகந்து பிரீதம்தாஸ் என்பாரின் வழக்கில் தீர்ப்பளித்தது. ஓரிடத்தில் கிரந்தம் படிக்கப்படுகின்றது என்பதனால் மட்டும் அது குருத்வாரா ஆகிவிடாது; உதாசிகளும் கிரந்தத்தைப் போற்றிப் படிப்பவரே; கிரந்தத்தை நிறுவிச் சபையார் கூடி வழிபடுதலே குருத்வாராவின் உயிர்நிலை என்று கூறி, அவ்விடம் உதாசிகளுடையதே என முடிவு செய்தது. பெருங்கூட்டம் ஒன்று தன் வெற்றியின் வேகத்தில் சிறுகூட்டத்தின் இடத்தையும் தனதென்று கொள்ளாதவாறு சட்டம் அங்குத் தடுத்து நின்றது.

2000-ஆம் ஆண்டில் வந்தது மற்றொரு வழக்கு. பாட்டியாலா மாவட்டத்துக் கிராமமொன்றில், நிலம் குரு கிரந்த் சாகிபின் பெயரிலேயே பதிவாகியிருந்தது. ஒரு நூல் எவ்வாறு சொத்துக்கு உரிமை கொள்ளும் என்பது கேள்வி. இயலாது என்றது உயர் நீதிமன்றம். உச்ச நீதிமன்றம் அதனை மாற்றி, குருவாகப் போற்றப்படும் கிரந்தம் சட்டத்தின் கண்ணில் ஓர் ஆளே என்று தீர்ப்பளித்தது. இதனை வெறும் சட்ட நுணுக்கம் என்று எண்ணற்க. நிலத்தின் உடையவர் கிரந்தமே என்றால், மனிதர் எவரும் உடையவர் அல்லர் என்பது பொருள். மகந்தும் உடையவர் அல்லர். குழுத்தலைவரும் உடையவர் அல்லர். வழக்கில் வென்றவரும் உடையவர் அல்லர். அனைவரும் காவலரே.

நீதிமன்றம் சமயத்தில் தலையிடலாமா என்பாருக்கும் இங்கே விடை உண்டு. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம், ஹை விக்கம் ஆகிய ஊர்களின் குருத்வாராக்களைப் பற்றிய வழக்கொன்றில், ஒரு துறவியின் மெய்யான வாரிசு எவர் என்னும் வினா எழுந்தது. இது நீதிமன்றம் ஆராயத்தக்கதன்று எனக் கீழ் நீதிமன்றம் விலக்கியதை, அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2014-இல் ஏற்கவில்லை. ஒரு சமயக் கொள்கை மெய்யா பொய்யா என்று நீதிபதி கூறார். ஆயின் அறக்கட்டளைப் பத்திரத்தின்படி பொறுப்புக்கு உரியவர் எவர் என்று தீர்க்க வேண்டிய இடத்தில், அதற்கு வேண்டிய அளவு சமயச் செய்திகளையும் அவர் ஆராயலாம் என்பதே முடிவு. சாவி எவரிடம் என்று நீதிபதி கூறலாம். ஞானம் எவரிடம் என்று கூறுதல் அவர் தொழிலன்று.

வென்றவரின் சோதனை

வழக்குகள் இத்துடன் ஓய்ந்தனவா? இல்லை. சகஜதாரிகள் என்போர் சீக்கிய நெறியை நம்பினும் முடி வளர்க்கும் விதியை முற்றும் மேற்கொள்ளாதவர். அவர்களுக்குச் சட்டத் திருத்தம் வாக்களிக்க இடந்தந்திருந்தது. 2003-இல் மைய அரசின் அறிவிப்பொன்று அவ்வுரிமையை நீக்கியது. 2011 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவ்வறிவிப்பைத் தள்ளியது. அதற்குச் சில மாதங்கள் முன்பு தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த பேரவை, இவ்வழக்கினால் 2016 வரை இயங்க இயலவில்லை. அவ்வாண்டில் பாராளுமன்றமே சட்டத்தைத் திருத்தி, 2003-ஆம் ஆண்டிலிருந்தே செல்லுமாறு அவ்வுரிமையை நீக்கியது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நிகழ வேண்டிய பொதுத் தேர்தல், 2011-க்குப் பின் 2024 முடியவும் நிகழவில்லை.

அரியானா அரசு 2014-இல் தன் எல்லைக்குட்பட்ட குருத்வாராக்களுக்குத் தனிச் சட்டம் செய்தது. அதனை எதிர்த்த வழக்கு எட்டாண்டுகள் நடந்து, 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றது. அம்மாநிலக் குழுவின் நாற்பது இடங்களுக்கு முதல் தேர்தல் 2025 ஜனவரியில் நடைபெற்றது.

இவற்றுள் எவர் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூறுதல் நமது வேலையன்று. ஒரு சமயத்தார் தம்முள் எவரைச் சேர்த்துக் கொள்வது என்பதில் அவர்களுக்கு உரிய காரணங்கள் இருக்கும். முடி வளர்த்தலைத் தம் நெறியின் அடையாளமாகக் கொண்டு உயிரையும் ஈந்தவர்கள், அவ்வடையாளமில்லாதவர் தம் கோயிலை ஆள வாக்களிக்கலாமா என்று கேட்பதில் வியப்பில்லை. ஆயினும் நாம் காண்பது ஒன்று. அன்று "நீ யார்?" என்று பிறரால் கேட்கப்பட்டவர்கள், சாவி கைக்கு வந்தபின் "நீ யார்?" என்று பிறரைக் கேட்க வேண்டியவர்களாகின்றனர். மகந்தை எழுப்பிவிட்டால் மகந்தின் ஆசனமும் எழுந்து போய்விடுவதில்லை. அடுத்து அமர்பவருக்காக அது அங்கேயே காத்திருக்கின்றது.

உரைகல் யாது?

ஆகவே முதல் வினாவுக்கு வருவோம். சமயத்தார் கோயிலுக்காக வழக்காடலாமா?

வழக்காடுவோன் தன்னைத்தானே கேட்டுக் கொள்ளத்தக்க ஒரு கேள்வி உண்டு. "சாவி பிறரிடமே இருக்கட்டும், கதவு அனைவருக்கும் திறந்திருக்கின்றது, கணக்கு அனைவருக்கும் தெரிகின்றது, எனக்கு மனநிறைவு உண்டா?" உண்டு என்று நெஞ்சறியக் கூற இயலுமாயின், அவன் வழக்கு அறவழக்கு. இல்லை, சாவி என் இடுப்பில் தொங்கினாலன்றி அமைதியில்லை என்பானாயின், அவன் தேடுவது கோயிலையன்று, ஆசனத்தை. 1920-இல் பிரசாதம் ஏந்திச் சென்றோர் இவ்வுரைகல்லில் மாற்றுக் குறையாத பொன். விறகுக்காக அடிபட்டோரும் அத்தகையரே. அடுப்பு எரிய வழி கிடைத்ததும் அவர்கள் போராட்டம் அடங்கிற்று.

ஆயின் இவ்வுரைகல்லும் முழுமையானதன்று என்பதை நாமே ஒப்புக் கொள்ளுதல் வேண்டும். கதவு திறந்திருக்கின்றது, ஆனால் திறந்து வைத்திருப்பவர் தயவினால் திறந்திருக்கின்றது என்றால், அது போதுமா? இன்று திறந்தவர் நாளை அடைக்கலாம். பிரசாதத்தை அன்று ஏற்ற பூசகர், தக்க சமயம் வாய்த்தால் மறுநாளே மறுத்திருக்கலாம். தயவு வேறு, உரிமை வேறு. புத்தகயையின் நிலையை நாம் அறிவோம். 1891-இல் அநகாரிக தர்மபாலர் அங்குச் சென்று கண்டது, சைவ மகந்து ஒருவரின் ஆட்சியில் இருந்த மகாபோதி ஆலயத்தை. 1895-இல் அங்குப் புத்தர் திருவுருவம் ஒன்றை வைக்க முயன்றதால் எழுந்த வழக்குக் கல்கத்தா உயர் நீதிமன்றம் வரை சென்று, அவருக்குப் பாதகமாக முடிந்தது. அங்கு வழிபாட்டுக்குக் கதவு முற்றும் அடைபட்டிருந்ததில்லை. ஆயினும் அது பிறர் அநுமதியாகவே இருந்தது. 1949-ஆம் ஆண்டின் சட்டம் பௌத்தர் நால்வரும் இந்துக்கள் நால்வரும் கொண்ட குழுவை, மாவட்ட அதிகாரியின் தலைமையில் அமைத்தது. அத்தலைவர் இந்துவாகவே இருத்தல் வேண்டும் என்னும் விதி 2013-இல்தான் நீங்கியது. விருந்தினனாக உள்ளே செல்வதற்கும் வீட்டானாக உள்ளே செல்வதற்கும் உள்ள வேற்றுமையை விளக்க இதைவிட வேறு சான்று நமக்கு வேண்டுவதில்லை.

எனவே உரைகல்லை இவ்வாறு திருத்திக் கொள்வோம்: கதவு திறந்திருத்தல் வேண்டும், அதுவும் எவர் தயவினாலுமன்றி உரிமையினால் திறந்திருத்தல் வேண்டும். அவ்வுரிமைக்காக வழக்காடுதல் பற்றன்று, அது கடமை. பொறுமை மேலான குணமே. ஆயின் பொறுமையை உபதேசிப்பவர் பெரும்பாலும் சாவியை வைத்திருப்பவராகவே இருப்பதை நாம் கவனிக்காதிருத்தல் கூடாது. வெளியே நிற்பவன் தானே மேற்கொண்டால் அது பொறுமை. உள்ளே அமர்ந்திருப்பவன் அவனுக்கு அதனைப் போதித்தால், அது தாழ்ப்பாளுக்கு இட்ட மற்றொரு பெயர்.

இனி, சாவி கைக்கு வந்த பின்னர்? அங்கேதான் அறத்தின் கடினமான பகுதி தொடங்குகின்றது. கணக்கு ஆண்டுதோறும் அனைவர் முன்னும் படிக்கப்படுகின்றதா? பொறுப்பாளரின் காலம் முடிந்ததும் அவர் எழுந்து போகின்றாரா? புதிதாக வந்து சேர்ந்த எளியவனின் காணிக்கை, பழைய குடும்பத்தாரின் காணிக்கைக்கு வைத்த தட்டிலேயே வைக்கப்படுகின்றதா? இம்மூன்று கேள்விகளும் பஞ்சாபுக்கு மட்டும் உரியனவல்ல. பத்துப் பேர் சேர்ந்து நடத்தும் சிறு சங்கத்துக்கும், ஓலைக் கொட்டகையில் அமைந்த விகாரத்துக்கும் உரியன. நமது சங்கத்தின் பெட்டிச் சாவியை வைத்திருப்போரும், நாமும், இவற்றைக் கேட்டுக் கொள்ளக் கடமைப்பட்டவர்கள்.

நீதிமன்றம் சாவியைப் பெற்றுத் தரும். அச்சாவியைக் கொண்டு கதவைத் திறப்பதா பூட்டுவதா என்பதைப் பெற்றவரே முடிவு செய்தல் வேண்டும். கையில் சிறிது இனிப்பை ஏந்தி எவரேனும் ஒருவர் நமது வாசலில் வந்து நிற்கும் நாளில், நாம் உடையவரா காவலரா என்பது வெளிப்பட்டு விடும்.